கடைமடை மாணவன்

காவிரியின் கடைமடை ஊர்களுள் ஒன்று முத்துப்பேட்டை. மேட்டூர் அணை திறந்த செய்தி அன்றே இங்கு எட்டிவிடும். நீர் வந்து சேரப் பல நாள்கள் ஆகும். போதிய அளவு வந்து சேராத ஆண்டுகளும் உண்டு. தலைமடையில் நீர் பாய்ந்துவிட்டதால் கடைமடை வயலும் நனைந்துவிட்டது என எந்த உழவரும் கணக்கிட மாட்டார். அரபிக் கல்லூரி ஆசிரியர்களாகிய நாமோ அப்படித்தான் கணக்கிட்டு வருகிறோம். பாடம் நடத்தியாயிற்று, எனவே மாணவர் அனைவரும் கற்றுவிட்டனர் என்பது நம் கணக்கு.

இப்னு கல்தூன் (ரஹ்) 1377-இல் எழுதிய 'முகத்திமா'வை வரலாற்றியலின் முன்னோடி நூல் என மேடைதோறும் போற்றுகிறோம். அதன் ஆறாம் பகுதியில் கற்பித்தல் குறித்து அவர் எழுதியிருப்பவற்றை நம் வகுப்பறைக்குள் கொண்டுவந்தோமா என்பதே கேள்வி. ஒரு கலையை மூன்று சுற்றுகளில் கற்பிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. முதற்சுற்றில் ஒவ்வோர் இயலின் அடிப்படைகள் மட்டும். அதுவும் மாணவனின் அறிவாற்றலையும் ஆயத்த நிலையையும் கவனித்தே. இரண்டாவதில் விளக்கங்களும் கருத்து வேறுபாடுகளும். மூன்றாவதில் ஐயம் எதுவும் எஞ்சலாகாது. இயல்பாகவே ஆற்றல் மிக்க சிலருக்கு இதனினும் குறைவான சுற்றுகள் போதும் என்றும் அவர் ஒப்புகிறார். மாணவரிடையே வேறுபாடு உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் வேண்டியதில்லை.

மனனத்திற்காக அளவுமீறிச் சுருக்கப்பட்ட நூல்கள் கற்பவனுக்குச் சுமையாகின்றன என்றும் அவர் கண்டிக்கிறார். அரபு இலக்கணத்தில் அதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு இப்னு மாலிக் (ரஹ்) அவர்கள். அவர் யாத்த 'அல்பிய்யா'வோ ஏறத்தாழ ஆயிரம் அடிகள் கொண்டது, இன்றும் ஓதப்படுவது. அந்நூலைக் கைவிட வேண்டும் என்பதன்று என் கருத்து. முதற்சுற்றைக் கடவாத மாணவனிடம் மூன்றாம் சுற்றுக்குரிய விளக்கத்தைக் கொட்டுவதே பிழை.

இதற்கான தீர்வு நம் கட்டடத்திற்குள்ளேயே இருக்கிறது. ஹிப்ள் வகுப்பைப் பாருங்கள். ஒருவன் நாளொன்றுக்கு ஒரு பக்கம் ஒப்புவிக்கிறான். அருகிலிருப்பவன் ஐந்து வரி. அவரவர் ஸபக்கு அவரவர்க்கு. பழைய பாடம் உறுதிப்படாமல் புதுப்பாடம் இல்லை. இதை எவரும் குறையாகக் கருதுவதில்லை. அடுத்த அறையில் நஹ்வு வகுப்பு. அங்கே முப்பது பேருக்கும் ஒரே வரி, ஒரே வேகம். ஒரே கூரையின்கீழ் இரு நீதிகள்!

இக்குற்றத்திற்கு நானும் விலக்கல்லன். பணியேற்ற தொடக்க ஆண்டுகளில், இரண்டாம் ஜும்ராவில் எப்போதும் வாய்மூடி இருந்த ஒரு மாணவனைச் சோம்பேறி என்றே எண்ணினேன். ஆண்டின் நடுவில் அவன் வராமல் நின்றபின்தான், அவனுக்கு அரபு எழுத்துக்கூட்டி வாசிப்பதே தடுமாற்றம் என்பதைச் சக மாணவர் சொல்லக் கேட்டேன். முதல் வாரத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேட்டிருந்தால் அறிந்திருப்பேன். நான் கேட்கவில்லை.

ஆசிரியர் ஒருவர், மாணவர் முப்பதுபேர், பாடத்திட்டமோ முடிந்தாக வேண்டும் என்ற மறுப்பு எழலாம். அது நியாயமான மறுப்பே. முற்கால மதரஸாக்கள் இதற்கு 'முஈத்' என்ற துணையாசிரியரை வைத்திருந்தன. உஸ்தாத் நடத்திய பாடத்தைப் புரியாதவர்க்கு மீண்டும் விளக்குவது அவர் பணி. இன்று மேல் ஜும்ரா மாணவர் அப்பணியை ஏற்கலாம். கற்பிப்பவருக்கும் அது பயிற்சியாகும்.

தமிழக அரசு 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், தொடக்க வகுப்புக் குழந்தைகளை அவர்தம் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிக்க முற்பட்டது. அரும்பு மலர்ந்தாக வேண்டும் என்பதை அப்பெயர்களே உணர்த்துகின்றன. ஆனால் பிரித்த குழு நிலையான முத்திரையாகிவிடுமானால் தீங்கே மிஞ்சும். ஹிப்ள் வகுப்பில் ஐந்து வரிக்காரன் என்றொரு சாதி இல்லை. அவனும் முப்பது ஜுஸ்வையும் நோக்கியே நடக்கிறான். பாதை ஒன்று, நடைதான் வேறு.

கடைமடைக்கு நீர் எட்டவில்லை என்றால் வாய்க்காலைத்தான் தூர்வாருவர், வயலைப் பழிப்பதில்லை. வரும் கல்வியாண்டின் முதல் வாரத்தில் ஒவ்வொரு மாணவனையும் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேட்போம். தூர்வாரும் பணி அங்கிருந்து தொடங்கட்டும்.