கதவுக்கும் கண்ணாடிக்கும் நடுவே

‘தி சப்ஸ்டன்ஸ்’ (2024) படத்தின் ஒப்பனைக்கு ஆஸ்கர் கொடுத்தார்கள். கடைசியில் வரும் கோர உருவத்தைவிட என்னைப் பயமுறுத்தியது ஒரு சாதாரண காட்சிதான். பழைய வகுப்புத் தோழனைச் சந்திக்கக் கிளம்புகிறார் டெமி மூர். கதவு வரை போகிறார். திரும்பி வந்து கண்ணாடி பார்க்கிறார், கொஞ்சம் பூச்சு. மறுபடி கதவு, மறுபடி கண்ணாடி. கடைசியில் முகத்தையே அழிப்பதுபோல் தேய்த்துக்கொள்கிறார். போகவே இல்லை.

டைரக்டர் கோரலி ஃபர்ஜா அந்த க்ளைமாக்ஸ் ரத்த ஆற்றைக் குறைத்திருக்கலாம். அதைப் பார்த்து, ‘நமக்கு இப்படியெல்லாம் ஆகாதுப்பா’ என்று நிம்மதியாக எழுந்து வந்துவிடலாம். கண்ணாடிக் காட்சியிலிருந்து அப்படித் தப்ப முடியாது.

நிஜத்தில் இது முற்றினால் ‘பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர்’. ‘நீ அழகாத்தானே இருக்கே!’ என்றால் போகாது. மனநல சிகிச்சையில் குறையும். உங்கள் வீட்டில் யாராவது கல்யாணத்துக்குக் கிளம்பி, கடைசி நிமிஷம் ‘நான் வரலை’ என்றால், உடனே திமிர் என்று திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.