தொகுதி எண் தொலையும் இடம்

நூலக மென்பொருளின் தரத்தை ஒற்றை நூல் காட்டிக்கொடுக்காது. ஒரு தலைப்பு, ஒரு பிரதி, ஒரு வாசகர் என்றால் எந்த மென்பொருளும் தேறிவிடும். கடினமான நூலொன்றைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். மு. அருணாசலத்தின் ‘தமிழ் இலக்கிய வரலாறு’ அதற்கு மிகப் பொருத்தமானது. அது நூற்றாண்டு வாரியாகப் பிரிந்து, ஒன்பதிலிருந்து பதினாறாம் நூற்றாண்டு வரை செல்கிறது. சில நூற்றாண்டுகள் ஒன்றுக்கு மேற்பட்ட பாகங்களாக விரிகின்றன. ‘மூன்றாம் தொகுதி’ என்று கேட்டால் அலமாரியில் மூன்றாவதாக நிற்பதா, ஏதோ ஒரு நூற்றாண்டின் மூன்றாம் பாகமா என்பது கேட்டவருக்கே தெளிவிராது.

புங்குடுதீவு மடத்துவெளியில் யாழ்ப்பாண அரசு காலத்தின் இலக்கியச் சூழலை அறிய முனையும் வாசகர் ஒருவர், ஊர் வாசிகசாலை வழியாக, பதினைந்தாம் நூற்றாண்டுத் தொகுதியை நகர நூலகமொன்றிலிருந்து இரவல் கேட்பதாகக் கொள்வோம். இது நடந்த நிகழ்ச்சியன்று. நான் வைக்கும் சோதனை. நூல் பண்ணைப் பாலத்தைத் தாண்டி, வேலணை வழியாக, கடலை ஊடறுத்துச் செல்லும் தாம்போதியால் பஸ்ஸில் வந்துசேர வேண்டும். வேறு தொகுதி வந்துவிட்டால் அதே வழியில் திருப்பியனுப்பி மறுபடி காத்திருக்க வேண்டும். நகரத்தில் சிறு அசௌகரியமாக முடியும் பிழை தீவில் ஒரு தவணையையே விழுங்கும்.

சோதனைக்கு முதலில் நிற்பது கோஹா. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகங்களுக்காக எழுதப்பட்டு 2000 ஜனவரியில் இயங்கத் தொடங்கிய இந்தத் திறந்த மூல மென்பொருள் இன்று இலங்கைப் பல்கலைக்கழக நூலகங்கள் பலவற்றிலும் புழக்கத்தில் உள்ளது. ஒரே நூலகத்துக்குள் பல்தொகுதி நூலை அது கையாளும் முறை நீண்ட காலம் அரைகுறையாகவே இருந்தது. வாசகர் தலைப்பின்மேல் முன்பதிவு செய்தால் எந்தத் தொகுதி முதலில் திரும்பியதோ அது அவருக்கு ஒதுக்கப்பட்டது. குறித்த பிரதியின்மேல் செய்தால், அதே தொகுதியின் இன்னொரு பிரதி அலமாரியில் சும்மா இருந்தாலும் அவர் காத்திருந்தார். தலைப்புக்கும் பிரதிக்கும் இடையில் தொகுதி என்ற படிநிலை அந்தத் தரவு மாதிரியில் இல்லை.

2022 நவம்பரின் 22.11 பதிப்பு அந்தப் படிநிலையைக் கொண்டுவந்தது. ஒரே பதிவின் கீழுள்ள பிரதிகளைக் குழுக்களாகப் பிரித்து, குழுவின்மேல் முன்பதிவு செய்யலாம். பதினைந்தாம் நூற்றாண்டுக்கு இரண்டு பிரதிகள் இருந்தால் எது முதலில் கிடைத்தாலும் போதும். பதினான்காம் நூற்றாண்டு தவறியும் வராது. மேலொட்டாகச் சேர்க்காமல் மாதிரியின் குறையை மாதிரியிலேயே தீர்த்திருப்பதால் இதைச் சாதனை என்றே சொல்ல வேண்டும். குறைகளும் உண்டு. நிர்வாகி இயக்கினாலன்றி இந்த வசதி தோன்றாது. குழுவின் பெயர் கட்டுப்பாடற்ற உரை: ஒரு பட்டியலாக்குநர் ‘15ஆம் நூ.’ என்பார், அடுத்தவர் எழுத்தால் விரித்து எழுதுவார். இவற்றைவிடப் பெரிய குறை, குழு அந்த ஒரு நிறுவலுக்குள்ளேயே வாழ்கிறது என்பது. வெளியிலுள்ள நூலகம் சுட்டக்கூடிய நிலையான அடையாளம் அதற்கு இல்லை.

இனி நூலகங்களுக்கிடையிலான இரவல். கோஹாவில் இப்பகுதி 17.11 பதிப்பில் சேர்ந்தது. அதன் கட்டமைப்புக் கொள்கை மெச்சத்தக்கது: மையப் பகுதி கோரிக்கையின் வாழ்க்கையை மட்டும் நிர்வகிக்கிறது, யாரிடம், எந்த வழியில் கேட்பது என்பதைத் தனித்தனிப் பின்புலச் செருகுநிரல்களிடம் விட்டிருக்கிறது. ஆனால் கோரிக்கையைத் தாங்கும் அட்டவணையைப் பிரித்துப் பார்த்தால் பல்தொகுதி நூலுக்கு அங்கே இடமில்லை. ஒரு கோரிக்கைக்கு ஒரு நூற்பதிவு எண், ஒரு நிலை, ஒரு திருப்பித்தரும் தேதி. தொகுதி எண் உடன் செல்லும் பண்புகளில் ஒன்றாக, வெறும் எழுத்தாகக் கிடக்கிறது. நூல் வந்துசேர்ந்து வாசகருக்கு வழங்கும்போது பதிவின் கீழ் பிரதி இல்லையென்றால் மென்பொருளே ஒன்றை உருவாக்கிக்கொள்கிறது. ஒன்றை மட்டுமே.

நமது வாசகர் பதினைந்தாம் நூற்றாண்டை மட்டும் கேட்டால் இந்த முறை ஒருவாறு தாங்கும். பல பாகங்களாக விரிந்த ஒரு நூற்றாண்டை முழுவதாகக் கேட்டால் தாங்காது. பாகத்துக்கு ஒன்றாகக் கோரிக்கை இட்டால் பட்டியலில் ஏறத்தாழ ஒரே தலைப்புடைய தற்காலிகப் பதிவுகள் முளைக்கும். அவை ஒரே தொகுப்பின் உறுப்புகள் என்பதை மென்பொருள் அறியாது. ஒரே கோரிக்கையாக இட்டுக் குறிப்பில் ‘எல்லாப் பாகங்களும்’ என்று எழுதினால் ஒரு பிரதிக்குப் பின்னால் பல நூல்கள் மறைந்துகொள்ளும். இரண்டு வந்து ஒன்று வராத நிலைக்கு அங்கே பெயரே இல்லை. நூலகம் தன் விருப்பப்படி நிலைகளுக்கு மாற்றுப்பெயர் வைத்து ‘பகுதி வந்தது’ என்று காட்டலாம். அது காட்சிக்குரிய பெயர் மட்டுமே. எந்தப் பாகம் வந்தது, எது வரவில்லை என்ற கணக்கு அதற்குப் பின்னால் இல்லை.

இந்தக் கணக்கு வெறும் அலுவலக ஒழுங்கன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது தொண்ணூற்றேழாயிரம் அளவு நூல்களை நெருப்புக்கு இழந்த பிரதேசம் இது. 1990களின் தொடக்கத்தில் தீவுகளிலிருந்து மக்கள் பெயர்ந்தபோது வீட்டுச் சேகரங்களும் சிதறின. நன்கொடையால் மீண்டும் சேர்ந்த தொகுப்புகளில் இடையறுந்த வரிசைகள் இருப்பது இயல்பு. முழு வரிசை வைத்திருக்கும் நூலகம் ஒரு பாகத்தை இழந்தால் தனி நூலொன்றை இழந்ததாகாது; மறுபதிப்பில் அந்தப் பாகம் மட்டும் தனியாகக் கிடைப்பது அரிது. எனவே கொடுப்பவர் கேட்கும் முதற்கேள்வி ‘எது வெளியே இருக்கிறது?’ என்பதே. அதற்குத் திட்டமான விடை தராத மென்பொருள் கொடுப்பவரைத் தயங்க வைக்கிறது. தயக்கம் நீடித்தால் இரவலே நின்றுபோகும்.

23.11 பதிப்பில் வந்த தொகுப்புக் கோரிக்கை வசதி இதற்கு விடையாகும் என்று எதிர்பார்த்தேன். பல கோரிக்கைகளை ஒரே பெயரின் கீழ் அடுக்கலாம். அந்த அளவில் சரியான திசைதான். ஆனால் அது டிஓஐ, பப்மெட் எண்களை ஒட்டுமொத்தமாக இட்டு ஆய்வுக் கட்டுரைகளை வரவழைப்பதற்கென்று வடிவமைந்தது. ஐஎஸ்பிஎன் கூட இல்லாத பழைய தமிழ்ப் பதிப்புக்கு அந்த வாசல் திறக்காது. தொகுப்பு தன் உறுப்புகளைப் பற்றி எதுவும் அறிவதுமில்லை: ஒரு வாசகர் வேண்டிய பத்துக் கட்டுரைகளும் ஒரு நூலின் பாகங்களும் அதற்கு ஒன்றே.

எவர்கிரீன் வேறு வழியில் சென்றது. ஜோர்ஜியா மாநிலப் பொது நூலகங்களின் கூட்டமைப்புக்காக 2006இல் இயங்கத் தொடங்கிய மென்பொருள் அது. நூலின் பாகம் அதில் தனித் தரவு உறுப்பு. பாகத்தின்மேல் முன்பதிவு தனி வகை. பாகங்கள் உள்ள நூலுக்குத் தலைப்பளவில் முன்பதிவு இட்டுக் குழப்பம் விளையாதபடி, பாகத்தைக் கட்டாயம் தெரிவு செய்யவைக்கும் அமைப்பும் பின்னர் வந்தது. ஒரே பட்டியலைப் பகிரும் நூலகங்களுக்கிடையே நூல் நகர்வதால் அங்கே தொகுதி அடையாளம் எல்லை கடக்கும்போது அழிவதில்லை. வேலணைப் பிரதேச நூலகங்களும் நகரின் பொது நூலகமும் ஒரே பட்டியலில் இருந்தால் நமது சிக்கலின் பெரும்பகுதி எழவே எழாது. தனித்தனிப் பட்டியல்களை வைத்துக்கொண்டு இடையில் செய்தி மட்டும் அனுப்புவோருக்கு எவர்கிரீனின் சிறப்பு உதவாது.

அப்படிப்பட்டோருக்கான ஐஎஸ்ஓ 18626 செய்தித் தரம் தொகுதிக்குத் தனிப் புலம் வைத்திருக்கிறது. ஆகவே குறை தரத்தில் இல்லை. அந்தத் தரத்தின்மேல் எழுந்த ரீஷேர் என்ற இரவல் மென்பொருள், கொடுக்கும் நூலகம் ஒரே கோரிக்கைக்குப் பல தொகுதிகளை இணைத்து, ஒவ்வொன்றுக்கும் பெயரும் பிரதி எண்ணும் தர இடமளிக்கிறது. நான் பார்த்தவற்றில் கோரிக்கையும் தொகுதியும் தாயும் பிள்ளைகளுமாக நிற்பது இதில்தான். அனுப்பும் செய்தியில் தொகுதிப் பெயரையும் பிரதி எண்ணையும் ஒரே எழுத்துச் சரமாக ஒட்டி அனுப்புவது அதன் நலிந்த இடம். அந்த ஒட்டை அறியாத வேறொரு மென்பொருள் மறுமுனையில் இருந்தால் பிரித்தெடுக்க முடியாது. கருத்து சரி, செயலாக்கம் பாதி. சிறிய பிரதேச நூலகமொன்று தனியாக நிறுவி நடத்தக்கூடிய பளுவும் அன்று அது.

மென்பொருளின்மேல் முழுப் பழியையும் போடுவது நேர்மையாகாது. பட்டியலாக்கத்தில் எடுக்கும் முடிவு பாதி வேலையைச் செய்துவிடுகிறது. ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களுக்கும் தனிப்பெயர் உண்டு. அருணாசலத்தின் தொகுதிகளுக்கு நூற்றாண்டே பெயர். இவற்றுக்குப் பாகத்துக்கொரு பதிவு அமைத்து, மார்க் 21இன் 245ஆம் புலத்தில் பாக எண்ணையும் பாகப் பெயரையும் உரிய துணைப்புலங்களில் இட்டால் கோஹாவின் ஒரு கோரிக்கை, ஒரு பதிவு என்ற முறைக்குள்ளேயே தொகுதி பிழைத்துக்கொள்ளும். தமிழ் லெக்சிகனின் நிலை வேறு. 1924 முதல் 1936 வரை வந்த ஆறு தொகுதிகளும் 1939இன் பின்னிணைப்பும் எண்ணால் மட்டும் பிரிந்தவை. அதைத் துண்டாடினால் தேடுபவருக்கு ஏழு பதிவுகள் ஒரே முகத்தோடு தெரியும். அதற்கு ஒரே பதிவும் பிரதிக் குழுக்களுமே முறை. உசாத்துணை நூலாக நூலகத்திலேயே தங்குவதால் நகர நூலகத்திலிருந்து மடத்துவெளிக்குப் போகவேண்டியது அதன் பக்கங்களின் நகல் மட்டுமே.

நூலகத்துக்குள் கோஹா தேறுகிறது; 22.11க்குப் பின் நன்றாகவே தேறுகிறது. நூலகங்களுக்கிடையில், தனித் தொகுதி அளவில் மயிரிழையில் தேறி, முழு வரிசை அளவில் தவறுகிறது. தன் வீட்டுக்குள் தொகுதியை அறிந்த மென்பொருள் வாசற்படியில் அதை மறப்பதைத் தரவு மாதிரியின் ஒத்திசைவின்மை என்றே மதிப்பிட வேண்டும். அதைத் திருத்துவது பெரும் வேலையுமன்று: இரவல் கோரிக்கையின் கீழ் தொகுதிக்கு ஒன்றாகத் துணைவரிகள், ஒவ்வொன்றுக்கும் தனி நிலையும் தனித் தேதியும், ஏற்கெனவே உள்ள பிரதிக் குழுவோடு ஓர் இணைப்பு. அது வரும்வரை வாசிகசாலைப் பொறுப்பாளர் ‘தமிழ் இலக்கிய வரலாறு: பதினைந்தாம் நூற்றாண்டு’ என்று தலைப்புப் புலத்திலேயே முழுவதும் எழுத வேண்டும், பல பாகங்களைக் கேட்கும்போது ஒவ்வொன்றுக்கும் தனிக் கோரிக்கை இட வேண்டும். நகர நூலகமும் பாகம் குறிக்காத கோரிக்கையை ஊகித்து நிறைவேற்றாமல், எந்தப் பாகம் என்று கேட்டுத் திருப்பியனுப்ப வேண்டும்.