'அனைத்தும்' என்றால் எத்தனை?

பட்டியலின் தலையில் நிற்கும் 'அனைத்தையும் தேர்வு செய்' செக்பாக்ஸை நான் நம்புவதில்லை. நானே எழுதிய பக்கத்தில் சூடுபட்டவன். மொத்தம் 200 வரிகள். தேடிய பிறகு திரையில் தெரிந்தவை 12. ஒரே டிக், அடுத்து 'அழி'. 200-ம் போச்சு.

குவெரிசெலக்டர்ஆல் ஒரே பெயருள்ள பெட்டிகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வரும். சிஎஸ்எஸ்ஸால் மறைத்த வரியா என்று அது பார்ப்பதே இல்லை.

சிலதை மட்டும் டிக் செய்தால் தலைப்பெட்டியில் கோடு காட்ட 'இன்டிடெர்மினேட்' இருக்கே என்பீர்கள். அதை ஜாவாஸ்கிரிப்டில்தான் வைக்க முடியும், எச்டிஎம்எல்லில் அதற்கு இடமில்லை. அதுவும் வெறும் தோற்றம்தான். டிக் இருக்கா இல்லையா என்பது மட்டுமே சர்வருக்குப் போகும்.

'எல்லாம்' என்றால் கண்ணுக்குத் தெரிவதா, பட்டியலில் உள்ளதா? கோடு எழுதும் முன்பே முடிவு பண்ணுங்க. பொத்தானிலும் எண்ணிக்கையைப் போடுங்க: '12 வரிகளை அழி'.