பின்புலம் மறையும் படங்கள்: வீடியோக் கமராவில் ஒளிப்பட வில்லைகள் பற்றி ஒரு நோக்கு

ஒரு கலையின் கருவி மாறும்பொழுது அக்கலையின் பார்வையும் மாறுகின்றது என்பது விமர்சகர் பலரும் ஒப்புக்கொள்ளும் உண்மையாகும். எனினும் மாறுவது யாருடைய பார்வை, அதனாற் பெறுபவர் யார், இழப்பவர் யார் என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. 2009 இற்குப் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மணவிழா வீடியோப் பதிவுகளிலும் குறும்படங்களிலும் ஏற்பட்டுள்ள மாற்றம் அவ்வினாக்களை வேண்டி நிற்கின்றது. அம்மாற்றத்தின் நடுவே இருப்பது ஒரு சிறிய உலோக வளையம். 'அடப்டர்' என வழங்கும் அவ்வளையத்தின் துணையால், ஒளிப்படத்துக்கென ஆக்கப்பட்ட வில்லைகள் வீடியோக் கமராவிற் பொருத்தப்படுகின்றன. வளையம் புதியது, அதன் முன்னே நிற்கும் வில்லையோ பல வேளைகளில் கமராக்காரரினும் வயது கூடியது.

உடுவிலில் அண்மைக் காலத்தில் எடுக்கப்படும் மணவிழாப் பதிவொன்றை எடுத்துக்கொள்ளலாம். சைவ மணவறையாயினும் தேவாலயத் திருமணமாயினும் அதன் போக்கு ஏறத்தாழ ஒன்றே. மணமகளின் இமை, நெற்றிச்சுட்டியின் கல், கூறைச்சேலையின் கரை, மோதிரம் ஏறும் விரல் என ஒவ்வொன்றாகத் தெளிவு பெறுகின்றன. அவற்றுக்குப் பின்னாலுள்ளவை யாவும் பொன்னிறமும் பச்சை நிறமுமான வட்டங்களாகக் கரைந்துவிடுகின்றன. பச்சை வட்டம் வாழையாக இருக்கலாம், பனையாக இருக்கலாம், அயல் வீட்டுத் தகரப் படலையாகவும் இருக்கலாம். செம்மண் தோட்டங்களும் கிணறுகளும் நிறைந்த, 1824 இலேயே அமெரிக்க மிசனரிமார் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிய அவ்வூரின் அடையாளம் எதுவும் அப்படத்தில் எஞ்சுவதில்லை. ஊரின் பெயர் தொடக்கத்தில் வரும் எழுத்துகளில் மாத்திரம் காணப்படும்.

இவ்விழப்பை அழகுணர்ச்சி சார்ந்ததாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. யாழ்ப்பாணத்து மணவிழா வீடியோ எண்பதுகளிலிருந்தே ஒருவகைக் கடிதமாக இருந்து வந்துள்ளது. லண்டனிலும் ரொரன்ரோவிலும் பாரிசிலும் வாழும் பெரியப்பா, சித்தி, மாமி ஆகியோர் அதனைப் பார்ப்பது மணமக்களின் முகத்துக்காக மாத்திரமன்று. பந்தலின் ஓரத்தில் நிற்பவர் எவர், குஞ்சியம்மா எவ்வளவு மெலிந்துவிட்டார், தெற்கு வேலி இன்னும் கிடுகா அல்லது மதிலாகிவிட்டதா, கிணற்றடி மாமரம் நிற்கின்றதா என்பனவும் அவர்கள் தேடும் செய்திகளே. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாகத் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது குடும்ப அல்பங்கள் பல வீடுகளிலேயே விடப்பட்டன; மீண்டு வந்தோரிற் பலர் அவற்றைக் காணவில்லை. அவ்வாறான குடும்பங்கள் சிலவற்றுக்குப் பழைய முற்றத்தின் தோற்றத்தைக் காட்டவல்ல சான்றாக இருப்பது, முன்னரே வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டிருந்த வீ.எச்.எஸ். நாடாவாகும். அந்நாடாக்களிற் கலைத்திறன் தேடுவோர் ஏமாறுவர். நிறம் வழிந்திருக்கும், கண்ணைக் கூசவைக்கும் விளக்கொன்று எல்லோருடைய முகத்தையும் வெளிறச் செய்திருக்கும். ஆயினும் முன்னே இருப்பவரும் பின்னே இருப்பவரும் அவற்றில் ஏறத்தாழ ஒரே தெளிவுடன் தெரிகின்றனர்.

இத்தெளிவு எவரும் திட்டமிட்டுப் பெற்றதன்று. பிம்பம் விழும் பரப்பு சிறிதாக இருந்தமையால், சாதாரண வீடியோக் கமராவின் வில்லைக்குச் சில மில்லிமீற்றர் குவியத்தூரமே போதுமாயிற்று. குவியத்தூரம் குறையுந்தோறும் தெளிவாகத் தோன்றும் ஆழம் கூடும். திரைப்படத்தின் பிம்பப் பரப்பு அதனினும் பன்மடங்கு பெரிது; ஆகவே முகத்தைத் தனித்து நிறுத்திப் பின்புலத்தை மங்கச் செய்தல் அங்கு இலகுவாயிற்று. காலப்போக்கில், தெளிவான பின்புலம் 'வீடியோ' என்றும் மங்கிய பின்புலம் 'சினிமா' என்றும் ஒரு தரப்பாகுபாடு உருவாயிற்று. பாகுபாட்டின் அடிப்படை கலை அன்று, செலவு என்பது கவனிக்கற்பாலது.

அச்செலவின்றி அத்தோற்றத்தைப் பெற எடுத்த முயற்சிகளின் வரலாறு சுவையானது. 1997 இல் வெளிவந்த எக்ஸ்.எல்.1 என்னும் வீடியோக் கமராவுக்குக் கனொன் நிறுவனம் ஓர் அடப்டரை வழங்கியது. அதனைக் கொண்டு அந்நிறுவனத்தின் ஒளிப்பட வில்லைகளைப் பொருத்தலாம்; ஆனால் உணரி மிகச் சிறிதாகையால் பிம்பத்தின் நடுப்பகுதி மாத்திரமே பதிவாகும். ஒளிப்படக் கமராவோடு ஒப்பிடுமிடத்து வில்லையின் வலு 7.2 மடங்கானது. 50 மில்லிமீற்றர் வில்லை 360 மில்லிமீற்றர் வில்லைபோலத் தொழிற்பட்டது. பறவைகளைப் படம்பிடிப்போருக்கு அது வரப்பிரசாதம். மணவறையில் மணமக்களை ஒருசேரக் காட்ட விரும்புபவரோ ஏறத்தாழ இருபது மீற்றர் பின்னே செல்லவேண்டும். உடுவில் வளவுகள் பலவற்றில் அவர் படலையையும் கடந்து ஒழுங்கைக்குள் நின்றிருப்பார்.

பின்னர் தோன்றிய முறை இதனினும் விநோதமானது. ஒளிப்பட வில்லை தன் பிம்பத்தை ஒரு தேய்த்த கண்ணாடித் திரையில் வீழ்த்தும். அத்திரையை வீடியோக் கமரா தன் சொந்த வில்லையாற் படம்பிடிக்கும். கண்ணாடியின் மணித்தன்மை தெரியாதிருக்க அதனைச் சுழலவோ அதிரவோ செய்தனர். ஜேர்மனியில் பி அன்ட் எஸ் ரெக்னிக் நிறுவனம் ஆக்கிய மினி 35, பின்னர் வந்த ரெட்றொக், லீற்றஸ் முதலியன இவ்வகையின. ஒளியிற் பெரும்பகுதி இடையிலேயே இழக்கப்பட்டது. படம் தலைகீழாகத் தெரிந்தது. தலைகீழான உலகைப் பார்த்துக்கொண்டே நடப்பவரைப் பின்தொடர்வது எத்தகைய பயிற்சியை வேண்டும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

பெரிய உணரியும் மாற்றக்கூடிய வில்லையும் கொண்ட சோனி வி.ஜி.10, பனசோனிக் ஏ.எஃப்.100 போன்ற வீடியோக் கமராக்கள் 2010 இல் வந்தபின்னரே சிக்கல் தீர்ந்தது. கண்ணாடி இல்லாத, உள்ளே வெற்றிடம் மாத்திரமேயுள்ள வளையம் போதுமாயிற்று. பழைய ஒளிப்படக் கமராவினுள்ளே மேலும் கீழும் அசையும் ஆடிக்கு இடம் வேண்டியிருந்தமையால், நிக்கொன் வில்லை பிம்பத் தளத்திலிருந்து 46.5 மில்லிமீற்றர் தொலைவில் இருக்கவேண்டியதாயிற்று. சோனியின் புதிய அமைப்பில் அத்தொலைவு 18 மில்லிமீற்றரே. எஞ்சும் 28.5 மில்லிமீற்றரை வளையம் நிரப்புகின்றது. அளவு சற்றுப் பிசகினாலும் வில்லையில் எழுதப்பட்ட தூரக்குறிகள் பொய்த்துவிடும். மலிவான வளையங்களில் வில்லை ஆடுவதும் உண்டு. 2013 இல் மெற்றபோன்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஸ்பீட் பூஸ்ரர் வெற்று வளையம் அன்று. அதிலுள்ள ஒளியியற் தொகுதி பிம்பத்தை 0.71 மடங்காகச் சுருக்குவதால் வில்லையின் பரந்த பார்வை மீள்கின்றது. ஒளியும் ஒரு படி கூடுகின்றது.

இவ்வாறு கிடைத்த வசதி எவ்விதம் பயன்படுத்தப்படுகின்றது என்பதே விமர்சனத்துக்குரியது. 50 மில்லிமீற்றர் வில்லையை 1.8 என்னும் துவார எண்ணில் முற்றாகத் திறந்து, அத்தகைய கமராவில் இரண்டு மீற்றர் தொலைவிலுள்ள முகத்தை எடுத்தால் தெளிவாக அமையும் ஆழம் ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர். மூக்கு நுனி முதல் காதுவரை என்று சொல்லலாம். மணமகள் தாலிக்குத் தலை குனியும் கணத்திலேயே அவள் அவ்வெல்லையைக் கடந்துவிடுவாள். ஒளிப்பட வில்லை நின்ற கணம் ஒன்றைப் பிடிக்க ஆக்கப்பட்டது. அதன் குவிய வளையம் சிறிது திரும்பினாலே பெருந்தூரம் தாவும். சினிமா வில்லைகளில் அச்சுற்று நீளமானது. மேலும் ஒளிப்பட வில்லைகள் பலவற்றிற் குவியத்தை மாற்றும்பொழுது படத்தின் பரப்பும் சுருங்கி விரியும். ஆகவே சடங்கின் முதன்மையான கணங்களில் முகம் நீரில் மிதப்பதுபோல் அலைகின்றது. கமராக்காரர் அதனைத் தவிர்க்க அசையாத பொருள்களை நாடுகின்றார்: மாலை, குத்துவிளக்கு, செருப்பு, அழைப்பிதழ். மணவிழாப் பதிவுகளில் மனிதரினும் பொருள்கள் பெருகியமைக்கு நாகரிகம் மாத்திரம் காரணமன்று.

மங்கலான பின்புலம் எப்பொழுதும் குறையாகும் என்று கொள்ளுதலும் தவறு. ஸ்ரான்லி குப்ரிக் 1975 இல் வெளிவந்த 'பரி லின்டன்' படத்துக்காக, நாசாவின் தேவைக்கெனச் சைஸ் நிறுவனம் ஆக்கிய 0.7 துவார எண்ணுடைய 50 மில்லிமீற்றர் ஒளிப்பட வில்லையைத் திரைப்படக் கமராவுக்குப் பொருந்தச் செய்வித்தார். மெழுகுதிரி ஒளியில் ஓர் அறையைப் படமாக்குதலே அவர் நோக்கம். ஆழமின்மை அவர் விரும்பித் தேடிய அணியன்று. ஒளிக்காகக் கொடுத்த விலை. அவ்விலை நடிகர்களின் அசைவிலும் தெரிகின்றது. நடிகர்கள் அடங்கி இருக்கின்றனர், அவ்வடக்கம் அக்காலத்துப் பிரபுக்களின் வாழ்க்கைக்கும் பொருந்திவிடுகின்றது. கோயில் வெளிவீதியில் தீவட்டி வெளிச்சத்தில் சுவாமி எழுந்தருளும் காட்சியை ஒளிமிக்க பழைய வில்லையாற் பிடிக்கும் இளைஞனுக்கும் அந்நியாயம் உண்டு. தமிழகத்தில் பாலாஜி சக்திவேல் இயக்கி விஜய் மில்டன் ஒளிப்பதிவு செய்த 'வழக்கு எண் 18/9' (2012) கனொன் 7டி என்னும் ஒளிப்படக் கமராவினாலேயே எடுக்கப்பட்டது. வறியோரின் தெருவுக்குள் பெருங்கமரா நுழைந்திருந்தால் தெரு நடிக்கத் தொடங்கியிருக்கும். அன்றியும், கையடக்கத் தொலைபேசியால் ஒரு பெண் களவாகப் படம்பிடிக்கப்படுதல் அக்கதையின் முடிச்சுகளுள் ஒன்று. எளிதிற் கிடைக்கும் கமராவின் நன்மையும் தீமையும் அங்கே ஒருங்கே பேசப்படுகின்றன.

இவ்விரு படங்களிலும் கருவி ஒரு தேவைக்குப் பணிந்து நிற்கின்றது. உடுவிற் பதிவுகளிலோ காலை பத்து மணி வெயிலிலும் துவாரம் முற்றாகத் திறந்தே இருக்கின்றது. வெயிலை அடக்கக் கறுப்புக் கண்ணாடி வேறு பூட்டப்படுகின்றது. ஒளியைக் குறைத்தாவது மங்கலைக் காப்பாற்றும் இம்முயற்சி, வேண்டப்படுவது ஒளியன்று, மறைப்பே என்பதைப் புலப்படுத்துகின்றது. பூசப்படாத சுவர், தொங்கும் மின்கம்பி, வாடகைப் பிளாத்திக்குக் கதிரை, போரில் இடிந்து திருத்தப்படாத அயல்வீடு ஆகியன யாவும் கரைந்துபோகின்றன. பணம் அனுப்பியவர் மனம் நோகாதிருக்க அது உதவலாம். கரைந்துபோகும் மனிதரும் உளர். பந்தலின் ஓரத்தில் நிற்பவர் பெரும்பாலும் வசதி குறைந்த உறவினர், சமையற்காரர், மேளகாரர், வளவு கூட்ட வந்த பெண். சாதியும் வர்க்கமும் எவரை எங்கே நிற்கவைத்தன என்பதைப் பழைய நாடா தன்னையறியாமலே காட்டிற்று. புதிய பதிவு அந்த ஏற்பாட்டை மாற்றாமல், அதன் தடயத்தை மட்டும் துடைத்துவிடுகின்றது.

குறும்படங்களில் இக்குறை மேலும் கனதியானது. அங்கே இடம் என்பது கதையின் பாதி. தர்மசேன பத்திராஜா 1977 இல் யாழ்ப்பாணத்திலே தமிழில் எடுத்த 'பொன்மணி' சாதியையும் சீதனத்தையும் பொருளாகக் கொண்டது. பல்கலைக்கழகத்தில் கற்பித்தவராக யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த அனுபவம் அவருக்கு இருந்தது. அத்தகைய கதையில் ஒரு பெண்ணைச் சூழ நிற்கும் வீடும் வேலியும் அயலும் மங்கிவிட்டால் எஞ்சுவது சோகமான ஒரு முகம் மாத்திரமே; அம்முகம் ஏன் சோகமாயிற்று என்பதற்கான காரணம் சட்டத்துக்குள் இராது. 'சிட்டிசன் கேன்' (1941) படத்தில் கிரெக் ரோலண்ட் அமைத்த ஆழ்குவியக் காட்சிகளைப் பாராட்டிய அந்திரே பசான், பார்வையாளர் தாமே தேர்ந்து பார்க்கும் உரிமையை அவை தருகின்றன என வாதிட்டார். அவ்வாதத்தில் மிகை உண்டு. இயக்குநர் எதையும் ஒழுங்குபடுத்தாது விடுவதில்லை. ஆயினும் ரொரன்ரோவிலிருந்து தெற்கு வேலியைத் தேடும் பெரியப்பாவுக்கு அவ்வாதம் முற்றிலும் விளங்கும்.

பழைய ஒளிப்பட வில்லைகளுக்கு, இன்றைய தானியங்கி வில்லைகள் பலவற்றில் இல்லாத ஓர் உறுப்பு உண்டு. 2, 2.8, 4, 5.6, 8, 11 என எண்கள் பொறித்த துவார வளையமே அது. அடப்டர் வழியே மின் தொடர்பு அற்றுப்போவதால் கமரா அதனை ஆளமுடியாது, கையாலேயே திருப்பவேண்டும். 24 மில்லிமீற்றர் வில்லையொன்றை அதே கமராவிற் பொருத்தி, வளையத்தை 8 இல் நிறுத்தி, ஏறத்தாழ நான்கு மீற்றரிற் குவியப்படுத்தினால் இரண்டு மீற்றர் முதல் கண்ணுக்கெட்டிய தூரம்வரை யாவும் தெளிவாகும். முன்னே மணமக்களும், பின்னே மேளகாரரும், அவர்க்கும் அப்பால் படலையும் பனையும் ஒரே சட்டத்துள் அமையும். கல்யாண மண்டபத்தின் உள்ளே 8 இல் எடுக்க ஒளி போதாது. மேலதிக விளக்கு வைத்தால் கூலி கூடும். வீட்டு முற்றத்தில், வெயில் பந்தலுக்குள் சரியும் பிற்பகலில், செலவு எதுவும் இல்லை.