கண்ணுக்குப் பாடம், காதுக்கு இல்லை

சில ஆண்டுகளுக்கு முன், புதுச்சேரியில் ஒரு கல்லூரியின் காட்சித் தொடர்பியல் மாணவர்களுக்கு ஒலிப்பதிவு பற்றிச் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தேன். மீன் விற்கும் ஓர் அம்மாவைப் பேட்டி எடுத்து வந்திருந்தாள் ஒரு மாணவி. படம் கண்ணைப் பறித்தது. பின்னணி மங்கி, கூடையில் கிடந்த சங்கரா மீனின் செதில் மட்டும் மின்னியது. எடிட்டிங்கில் உட்கார்ந்ததும்தான் சிக்கல் தெரிந்தது. அந்த அம்மா இருமிய இடத்தை வெட்டினால், கூடவே கடல் இரைச்சலும் அறுந்தது. ஒட்டுப் போட வெறும் கடல் சத்தம் கொஞ்சம் வேண்டும். “ஆம்பியன்ஸ் எடுத்தியாம்மா?” என்று கேட்டேன். எடுக்கவில்லை. பேட்டி முடிந்ததும் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் நின்று அந்த இடத்தின் சத்தத்தைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. லென்ஸைப் பற்றி மட்டும் வாரக்கணக்கில் பாடம் நடந்திருந்தது.

நம் ஊடகப் படிப்புகள் கண்ணைப் பழக்கும் அளவுக்குக் காதைப் பழக்குவதில்லை. என் முதல் குறை இதுதான். மற்ற குறைகளும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

இத்தனைக்கும் காதைப் பழக்க மிக நல்ல இடம் புதுச்சேரியிலேயே இருக்கிறது. 1985இல் தொடங்கிய புதுவைப் பல்கலைக்கழகம் காலாப்பட்டு வளாகத்தில் மின்னணு ஊடகமும் மக்கள் தொடர்பியலும் கற்பிக்கிறது. ‘புதுவை வாணி’ என்ற சமுதாய வானொலியும் 107.8 மெகாஹெர்ட்ஸில் அதற்கு உண்டு. சமுதாய வானொலிக்கு அரசு அனுமதிப்பது நூறு வாட் அளவு ஆற்றல்தான். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் எட்டினால் அதிகம். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்பது விதி. இந்தச் சின்ன வட்டம்தான் அதன் பெரிய பலம். வானொலியில் மாணவர் அழகான ஃபிரேமுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. பிள்ளைச்சாவடி மீனவரிடம் அவருடைய பேச்சிலேயே கேள்வி கேட்க வேண்டும். தப்பாகச் சொன்னால் மறுநாள் டீக்கடையிலேயே பிடித்துக்கொள்வார்கள். லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் தனியார் பயிற்சி நிலையம் இப்படியொரு நேயரை எங்கிருந்து கொண்டுவரும்?

ஆனால் இங்கேயும் ஒரு கட்டு உண்டு. சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே அஞ்சல் செய்யலாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் எச்சரிக்கையும் மின்தடை அறிவிப்பும் சொல்லலாம். வாய்க்கால் ஏன் அடைத்துக்கொண்டது, யார் பொறுப்பு என்று விசாரித்துச் செய்தியாக்க முடியாது. இதழியல் படிக்கும் பிள்ளையின் வாயை இப்படிக் கட்டிப்போடுவது நியாயமே இல்லை.

ஊடகப் படிப்பு இல்லாமலே சாதிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒரு காலத்தில் கேமராவும் பிலிமும் கிடைப்பதே அரிது. சென்னை தரமணி திரைப்படக் கல்லூரி ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராமைத் தந்தது, அங்கே படித்த மாணவர்கள் சேர்ந்து 1986இல் ‘ஊமை விழிகள்’ படத்தை எடுத்தார்கள். இன்று கேமரா சட்டைப் பையில் இருக்கிறது. மென்பொருள் வேலையிலிருந்து வந்த இயக்குநர் கார்த்திக் சுப்புராஜ், கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ குறும்படப் போட்டி வழியாக மேலே வந்தார். கருவி எல்லார் கைக்கும் வந்துவிட்டபின் பல்கலைக்கழகம் தரக்கூடியது வேறு: தப்புச் செய்ய இரண்டு வருடம், தப்பை முகத்துக்கு நேரே சொல்லும் நாலு பேர், எந்த வீட்டுக் கதவையும் தட்ட ஓர் அடையாள அட்டை. இதற்காகவே படிக்கலாம் என்பேன். கேமரா தொடுவதற்காக என்றால் வேண்டாம்.

அடுத்தது தமிழ். மத்தியப் பல்கலைக்கழகமான புதுவைப் பல்கலைக்கழகத்துக்குப் பல மாநிலத்துப் பிள்ளைகளும் வருவதால் ஆங்கிலத்தில் கற்பிப்பதைத் தவிர்க்க முடியாது. ஆனால் இங்கேயே வேலை தேடுகிறவருக்குக் காத்திருப்பது தமிழ்ச் செய்தி அறை. ஸ்க்ரோலில் ஓடும் ஒரு வரியை ஒற்றுப் பிழையில்லாமல் எழுதுபவருக்கு, ஐந்து நிமிட விவரணைக்கு மூச்சு விடும் இடம் பார்த்துப் பின்னணிக் குரல் எழுதுபவருக்கு இன்றும் வேலை உண்டு. பாரதி ‘இந்தியா’ இதழை 1908இலிருந்து 1910 வரை நடத்திய ஊர் இது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அந்த இதழ் நுழையவே தடை போட்டார்கள். ஈசுவரன் தருமராசா கோயில் தெருவில் அவர் நினைவு இல்லத்தைத் தாண்டி மாணவர்கள் மஞ்சள் சுவர்களைப் படம்பிடிக்க பிரெஞ்சுக் காலத்து வெள்ளை நகரத்துக்குப் போவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

மஞ்சள் சுவரில் வருமானம் இருக்கிறது, மறுக்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தைய ஃபோட்டோ ஷூட் இங்கே ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. உதவி இயக்குநராகப் போனவர் பேட்டாவுக்குக் காத்திருக்கும்போது, கல்யாண வீடியோ எடிட் செய்பவர் வீட்டு வாடகை கட்டிவிடுகிறார். அதைக் கேவலமாகப் பேசும் ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. யூடியூப் சேனல், தொண்டு நிறுவனங்களின் ஆவணப்படம், வானொலியில் தற்காலிக அறிவிப்பாளர் பணி, நெட் தேர்வெழுதி ஆசிரியர் வேலை என்று வழிகள் பல. சினிமா அவற்றில் ஒன்று மட்டுமே என்பதைச் சேர்க்கையின்போதே சொல்லிவிட வேண்டும். பட்டத்தைக் காட்டினால் படப்பிடிப்புத் தளத்தில் இடம் கிடைக்காது. அங்கே திரைத் தொழிலாளர் சங்க அட்டை கேட்பார்கள்.

பெற்றோர்கள் என்னிடம் “வேலை கிடைக்குமா?” என்று கேட்கிறார்கள். கல்லூரியில் போய் வேறொன்று கேளுங்கள் என்கிறேன்: ரெக்கார்டரை இரவு வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்களா? தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் விடியும் முன்பே படகுகள் வந்துவிடுகின்றன. நான் பாடம் எடுத்த கல்லூரியில் உபகரண அறை பத்து மணிக்குத்தான் திறந்தது.