கூட்டல் போட ஆளில்லை

மனைவியின் தம்பி பள்ளிக்கரணைப் பக்கம் ஃப்ளாட் பார்த்திருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை, ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு தடிப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். அந்தக் குடியிருப்புத் திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை.

"லோன் ஓகே ஆயிடுச்சு மாமா. வீட்டுக்குள்ள தண்ணி வருமா, வராதா? அதை மட்டும் பாத்துச் சொல்லுங்க. நீங்கதான் பி.காம். ஆச்சே!"

பி.காமுக்கும் வெள்ளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்காதீர்கள். நானும் சிரித்தேன். படித்து முடித்தபோது சிரிப்பு போய்விட்டது.

இந்த மாதிரி அறிக்கைகள் ஒரு தனி இலக்கிய வகை. வாக்கியமெல்லாம் எதிர்காலத்தில்தான் முடியும். மழைநீர் சேகரிக்கப்படும். கழிவுநீர் சுத்திகரிக்கப்படும். மரம் நடப்படும். 'மாற்று இடங்கள்' என்று ஓர் அத்தியாயம் இருக்கவேண்டும். 'நிலத்தை வாங்கியாச்சு, இனிமே எங்கே போறது?' என்பதை வழக்கமாக அதில் நாகரிகமான இங்கிலீஷில் எழுதியிருப்பார்கள். காற்று, மண், தண்ணீர் எல்லாம் பெரும்பாலும் ஒரு பருவத்துக்கு அளந்தால் போதும். அதுவும் மழைக்காலம் தவிர்த்து! ஐப்பசி, கார்த்திகையில் நிரம்புவதே வேலையாக இருக்கும் ஒரு சதுப்பு நிலத்தை மார்ச்சிலிருந்து மே வரை ஆராய்ந்தால் என்ன தெரியும்? வெயில் ஜாஸ்தி என்று தெரியும்.

எழுதுகிற ஆலோசகருக்குச் சம்பளம் யார்? கட்டுகிறவர்தான். 'கம்பெனி ஆடிட்டருக்கும் கம்பெனிதானே ஃபீஸ் தருது?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். ஆனால் ஆடிட்டரை நியமிப்பது பங்குதாரர்கள், அவர் பதில் சொல்வதும் அவர்களுக்குத்தான். இங்கே பங்குதாரர் பக்கத்துத் தெருக்காரர். அவரைக் கேட்பதே இல்லை. 2006 செப்டம்பரில் வந்த மத்திய அரசு அறிவிக்கையிலேயே, கட்டடங்களுக்கும் டவுன்ஷிப்களுக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டார்கள்.

இதெல்லாம்கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. உறுத்தியது கணக்கு.

ஆயிரம் ஃப்ளாட் என்று வையுங்கள். வீட்டுக்கு ஐந்து பேர், ஆளுக்கு தினம் 135 லிட்டர். ஆக, நாளொன்றுக்கு 6,75,000 லிட்டர் உள்ளே வரவேண்டும், பெரும்பகுதி வெளியே போகவேண்டும். அதோடு, மனையை நாலடி உயர்த்துகிறார்கள். முன்பு அங்கே நின்ற மழைத் தண்ணீர் இப்போது வேறெங்கேயோ நிற்கவேண்டும். 'இத்திட்டத்தால் வடிகாலுக்கு ஏற்படும் பாதிப்பு மிகக் குறைவு' என்கிறது அறிக்கை. பொய்யில்லை. ஒரே ஒரு திட்டம் என்றால் குறைவுதான். அடுத்த மனைக்காரரின் அறிக்கையும் அதையே சொல்லும். அதுவும் பொய்யில்லை. இருபது கிளை உள்ள கம்பெனி, கிளைக்குக் கிளை தனியாகக் கணக்குக் காட்டிவிட்டு, மொத்தக் கணக்கே போடாமலிருந்தால் கல்லூரியில் எங்கள் அக்கவுன்டன்ஸி வாத்தியார் ஸ்கேலைத் தூக்கியிருப்பார்.

பள்ளிக்கரணை ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு நிலம். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது, பதிவான பரப்பு 1,247 ஹெக்டேர். மீதி எங்கே? பில்டர்களை மட்டும் திட்டாதீர்கள். பெருங்குடி குப்பைமேடு, அரசு ஆராய்ச்சி நிலையங்கள், ரயில் பாதை என்று சர்க்காரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது. தென்சென்னையில் சுமார் 250 சதுர கிலோமீட்டரில் பெய்யும் மழை, ஏரி ஏரியாக நிரம்பி வழிந்து இங்கே வருகிறது. வெளியேற முக்கிய வழி, ஒக்கியம் மடுவு. 2015 டிசம்பரில் தண்ணீர், எந்தத் திட்டம் யாருடையது என்று பிரித்துப் பார்த்து வரவில்லை.

சரி, கூட்டல் போடவேண்டியவர் யார்? 2016 டிசம்பரில் டெல்லி ஒரு யோசனை கொண்டுவந்தது. 20,000 முதல் 1,50,000 சதுர மீட்டர் வரையுள்ள கட்டடங்களின் சுற்றுச்சூழல் நிபந்தனைகளை, உள்ளாட்சி அமைப்புகளே பிளான் அனுமதியோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்று. அடுத்த டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அதை நிராகரித்துவிட்டது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஃபீஸ் வாங்கிக்கொண்டு பிளான் பாஸ் பண்ணும் ஆபீஸே 'பாதிப்பு இல்லை' என்றும் சீல் குத்துவது, கேஷியரே ஆடிட்டராவது போல.

ஆனாலும் அந்த யோசனையில் பாதி சரி. மாநில மதிப்பீட்டு ஆணையத்தின் முன்னால் வருவது ஒரு நேரத்தில் ஒரு ஃபைல். எந்தத் தெருவில் இடுப்பளவு நிற்கும், எந்தக் கால்வாய் எங்கே குறுகுகிறது என்பதெல்லாம் வார்டு என்ஜினீயருக்குத்தான் தெரியும். அனுமதி தரும் அதிகாரத்தை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; பேரேடு மட்டும் உள்ளாட்சியிடம் இருக்கட்டும். இந்தக் கால்வாய் தாங்கக்கூடியது இவ்வளவு, இதுவரை எழுதிக் கொடுத்தது இவ்வளவு, பாக்கி இவ்வளவு. பாக்கி தீர்ந்தால் செக் திரும்பும். இது பெரிய விஞ்ஞானமில்லை, பி.காம். முதல் வருஷம்.

அப்படி யாரும் பேரேடு வைக்காததால்தான், 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ஆய்வு முடியும்வரை சதுப்பு நிலத்திலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் புதிய கட்டுமான அனுமதி தரக் கூடாது என்று சொல்லவேண்டி வந்தது. ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்து மூன்று வருஷம் கழித்து!

மச்சானுக்குப் பதில் சொல்லவேண்டுமே. சொன்னேன். "உன் காம்பவுண்டுக்குள்ள தண்ணி வராதுன்னு போட்டிருக்கான். அந்தத் தண்ணி பக்கத்துத் தெருவுக்குப் போகுமான்னு போடலை."

கொஞ்ச நேரம் யோசித்தான்.

"பக்கத்துத் தெருவுலயும் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன் மாமா. அது ரேட் கம்மி."