தேன் பாட்டிலும் ஆய்வகச் சான்றும்

'ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது, சர்க்கரைக் கலப்பு இல்லை' என்று தேன் பாட்டில்களில் அச்சிடும் வழக்கத்தை நான் வரவேற்கிறேன். பெருமை பேசுபவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்ற நெறியை அது ஏற்கிறது. தண்ணீரில் சொட்டுவிட்டுப் பார்ப்பதும் தீக்குச்சியில் தடவிப் பற்றவைப்பதும் இன்றைய கலப்படத்தைக் காட்டித்தராது. வாங்குபவருக்கு ஆய்வகத்தை விட்டால் வேறு துணையில்லை. ஆனால் சான்றிதழ், தன்னிடம் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும்.

கரும்பும் மக்காச்சோளமும் சி4 வகைத் தாவரங்கள்; தேனீ நாடும் செடிகளில் பெரும்பாலானவை சி3 வகை. இரண்டும் காற்றிலிருந்து கரிமத்தை எடுக்கும் விதம் வேறு என்பதால், சர்க்கரையில் கரிம ஐசோடோப்புகளின் விகிதமும் மாறும். தேனில் கரும்புச் சர்க்கரை கலந்தால் சி4 சோதனை பிடித்துவிடும். கலப்படக்காரர்கள் அரிசிப் பாகுக்கு மாறினார்கள். நெல் சி3 தாவரம். அந்தச் சோதனையின் கண்ணுக்கு அது படாது. அரிசிப் பாகுக்கென்று தனிச் சோதனைகள் வந்தன. அவற்றையும் தாண்டும் பாகுகள் வந்தன.

2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளைச் சோதித்து முடிவை வெளியிட்டது. குஜராத்தில் தேசியப் பால்வள வாரியத்தின் ஆய்வகத்தில் பெரிய பிராண்டுகள் ஏறக்குறைய எல்லாமே தேறின. ஜெர்மனியில் நடந்த அணுக்காந்த ஒத்ததிர்வு (என்.எம்.ஆர்.) சோதனையில் 13-இல் 3 மட்டுமே தேறின. மையமே பாதிக்குப் பாதி பாகு கலந்து அனுப்பிய மாதிரிகூட இந்தியச் சோதனைகளில் தப்பியது. குற்றச்சாட்டை மறுத்த நிறுவனங்கள், இந்தியத் தரநிலைகளை முழுமையாகப் பின்பற்றுவதாகக் கூறின. அது உண்மையாகவே இருக்கலாம். ஒரு சொல் பொய்யில்லாமல் சான்று காட்டியபடியே பாகை விற்க வழியிருக்கிறது என்பதுதான் நம்மை உறுத்த வேண்டும். அமெரிக்காவுக்குப் போகும் தேனுக்கு அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல் என்.எம்.ஆர். கட்டாயமாகியிருந்தது, உள்ளூரில் விற்கும் தேனுக்கு அப்போது அந்தக் கட்டாயம் இருக்கவில்லை.

அதற்காக என்.எம்.ஆரைத் தெய்வவாக்காக்கிவிடக் கூடாது. ஏற்கெனவே தொகுத்து வைத்த தேன்களின் தரவுகளோடு ஒப்பிட்டே அது தீர்ப்புச் சொல்கிறது. தொகுப்பில் இல்லாத நிலத்துத் தேனைத் துல்லியமாக எடைபோடுவது அதற்குக் கடினம். மற்ற சோதனைகளுக்கும் இப்படி எல்லைகள் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் தேனை எண்ணிப் பாருங்கள். அங்கே ரப்பர் மரம் துளிர்க்கும் பருவத்தில், தேனீக்கள் பூவில் அல்ல, இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பையே மிகுதியாகச் சேர்க்கின்றன. அதனால் ரப்பர் தேனில் ரப்பர் மகரந்தம் குறைவு. மகரந்த எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் சோதனை, கலப்பில்லாத அந்தத் தேனையும் சந்தேகிக்கும். சோதனைக் கட்டணமோ பெரிய ஆலைக்கும் பத்துப் பெட்டி வைத்திருக்கும் விவசாயிக்கும் ஒன்றே. சான்றில்லாத தேன் எல்லாம் போலி என்ற எண்ணம் சந்தையில் வேரூன்றினால் முதலில் அடிபடுவது அந்த விவசாயிதான்.

ஆதாரத்தைவிட வாசகம் பெரிதாவது இன்னொரு குறை. ஒரு பற்பசை, உலகெங்கும் பல் மருத்துவர்கள் பரிந்துரைப்பது என்று விளம்பரம் செய்தது. அதற்குக் காட்டிய ஆதாரம், இந்தியப் பல் மருத்துவர்களிடம் மட்டும் நடத்திய கணக்கெடுப்பு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் அதற்கு ரூ.10 லட்சம் அபராதம் விதித்தது. ஆதாரம் இருக்கிறதா என்பதோடு நில்லாமல், அது வாசகத்தின் அளவுக்கு நீள்கிறதா என்றும் பார்த்த தீர்ப்பு அது.

தேனுக்கும் அதே கண்டிப்பு வேண்டும். எந்தச் சோதனை, எந்த ஆய்வகம், எந்தத் தேதி, எந்தத் தொகுதி எண் என்பவை பாட்டிலிலேயே இருக்கட்டும். மாதிரியை நிறுவனம் அனுப்பக் கூடாது. சோதிப்பவர் கடையிலிருந்து எடுக்க வேண்டும். சிறு தேனீ வளர்ப்போரின் சோதனைச் செலவை அரசு ஏற்க வேண்டும். நம் நிலத்துத் தேன்களின் தரவுத்தொகுப்பை அரசு ஆய்வகங்கள் உருவாக்க வேண்டும். அடுத்த முறை 'சோதிக்கப்பட்டது' என்ற சொல்லைப் பார்த்தால், எந்தச் சோதனை என்று அந்த நிறுவனத்துக்கே எழுதிக் கேளுங்கள்.